மண் ஆட்டின் பேச்சைக் கேட்ட பட்டறை

வெட்டாங்குளம் வெல்டிங் பட்டறைக்காரர்கள் மூன்று பேரும் நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக மறந்துவிடும்.

மேஸ்திரி வீரபாகு. பற்றவைக்கிறவர் செவத்தியான். வெட்டுகிறதும் ராவுகிறதும் மாடக்கண்ணு. இரும்பில் இவர்களால் ஆகாத வேலை திருநெல்வேலிச் சீமையிலேயே கிடையாது. செவத்தியான் பற்றவைத்து மாடக்கண்ணு ராவிவிட்டால், இரண்டு தகடு எங்கே சேர்ந்தது என்று செவத்தியானுக்கே தெரியாது. மூன்று பேருக்கும் தங்கக் கை. தலையைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை. இல்லாததைப் பற்றி என்ன பேசுவது?

ஒரு தடவை ரைஸ் மில்காரர் வந்து தண்ணீர்த் தொட்டி செய்யச் சொன்னார். "ஒரு சொட்டுத் தண்ணி வெளிய வரக் கூடாது" என்று அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார். குழாய்க்கு ஓட்டை போட்டால் தண்ணீர் வெளியே வருமே என்று மூவரும் ஒரு பகல் முழுக்க யோசித்தார்கள். கடைசியில் எந்தப் பக்கமும் ஓட்டை இல்லாமல் அழகாகச் செய்து கொடுத்தார்கள். இன்றுவரை அந்தத் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு வெளியே வந்ததில்லை. உள்ளேயும் போனதில்லை. மில்காரர் வீட்டில் அதன்மேல் வற்றல் காயப்போடுகிறார்கள்.

வீரபாகுவுக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு. இருபத்திரண்டு வருஷமாக அவர் கையால் எத்தனையோ கேட்டுகளில் எத்தனையோ பேர்களை இரும்பில் வளைத்து எழுதியிருக்கிறார். டாக்டர் பேர், வக்கீல் பேர், கடன் வாங்கி வீடு கட்டினவர் பேர், அவர் பெற்ற பிள்ளைகளின் பேர். தன் பேரை மட்டும் எதிலும் எழுதினதில்லை. கேட்டு செய்தவன் பேரைக் கேட்டில் யார் போடுவார்கள்?

பக்கத்து ஊரான கரையடிப்புதூரில் இருக்கும் அவருடைய மாமனார் பலவேசம், அம்மன் கோவிலுக்கு ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுத்திருந்தார். அதில் 'உபயம்: பலவேசம்' என்று இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருந்தது. எழுத்து தடிமனானதால் வெளிச்சம் வெளியே வராது. வெளிச்சம் வராவிட்டால் என்ன, பேர் தெரிகிறதே என்பது பலவேசத்தின் கட்சி. மகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்பார்.

"மாப்ளே, என் பேரு டியூப் லைட்ல இருக்கு. உங்க பேரு எங்க இருக்கு?"

"ரேஷன் கார்டுல இருக்கு மாமா."

பலவேசம் ரசம் கேட்பார். வீரபாகுவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அவருக்கு அது அவமானமாகவே இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஊருக்குப் புது பஸ் ஸ்டாண்டு வந்தது. வெட்டாங்குளம் ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். அதனால் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு ஆட்டுச் சிலை வைப்பதென்று பேரூராட்சியில் முடிவு செய்து, சென்னையிலிருந்து தமயந்தி என்கிற சிற்பியிடம் வேலையை ஒப்படைத்தார்கள்.

தமயந்தி ஒரு மண் ஆட்டைச் செய்து, அதை அட்டைப்பெட்டியில் வைத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே சென்னையிலிருந்து வெட்டாங்குளம்வரை வந்தார். சாண் உயர ஆடு. பின்னங்காலில் எழும்பி நின்று, முன்னங்கால் இரண்டையும் ஒரு மரத்தண்டில் ஊன்றி, மேலே இல்லாத இலைக்குக் கழுத்தை எக்கிக்கொண்டிருந்தது. காது இரண்டும் பின்னால் மடங்கியிருந்தன. அதன் பசியைப் பார்த்தால் நமக்கே இலை பறித்துக் கொடுக்கத் தோன்றும்.

பட்டறையில் மூவரையும் உட்காரவைத்துத் தமயந்தி பேசினார்.

"அண்ணே, இதே ஆடு இரும்புல வேணும். எல்லாமே பத்து மடங்கு. இதுல இருக்கிறது எதுவும் குறையக் கூடாது, இல்லாதது எதுவும் சேரக் கூடாது. ஒண்ணு புரியலைன்னா இந்த ஆட்டைப் பாருங்க. நான்கூட மறந்துடுவேன், ஆடு மறக்காது. இதுதான் உங்களுக்கு சாம்பிள்."

"சரி மேடம்."

"இது பச்சை மண்ணு. காஞ்சா சுருங்கிடும். ஈரத் துணி போர்த்தி வைங்க. அப்புறம், சந்தேகம் ஏதாவது வந்தா எனக்குப் போன் பண்ணுங்க."

"சரி மேடம்."

"இன்னொரு விஷயம். சிலையை ஒருத்தர் மட்டும் செய்யறதில்லை. நினைப்பு என்னோடது, கை உங்களோடது. இவ்வளவு பெரிசா இரும்புல செய்ய எனக்கு வராது. அதனால சிலைக்கு அடியில என் பேருக்குப் பக்கத்துல உங்க மூணு பேரோட பேரும் இருக்கும்."

தன் காதில் விழுந்தது சரிதானா என்று வீரபாகு செவத்தியானைப் பார்த்தார். செவத்தியான் மாடக்கண்ணுவைப் பார்த்தார். மாடக்கண்ணு மண் ஆட்டைப் பார்த்தார், புரியாவிட்டால் அதைத்தானே பார்க்கச் சொன்னார்கள்.

"நூல் பிசகாது மேடம்" என்றார் வீரபாகு. திறப்பு விழாவுக்கு அன்றைக்கு நாற்பது நாள் இருந்தது. ஒரு வாரத்துக்கு முன்னால் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுத் தமயந்தி பஸ் ஏறினார்.

மூவரும் ஒரு வேட்டித் துண்டை நனைத்து மண் ஆட்டுக்குப் போர்த்தினார்கள். பிறகு வேலையைத் தொடங்கினார்கள்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. யார் எந்தச் சாம்பிளைக் கொடுத்தாலும், காலையில் வந்ததும் முதல் காரியமாக அதை அளந்து, சுவரில் சாக்பீஸால் எழுதி, நேற்று செய்த வேலை அதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பார்கள். நல்ல வழக்கம்தான். உலகத்தில் எத்தனையோ பட்டறைகளை அது காப்பாற்றியிருக்கிறது.

முதல் ஐந்து நாளில் கம்பிக்கூடு எழும்பியது, தகடு ஏறியது. ஏழரை அடி உயரத்தில் ஒரு இரும்பு ஆடு கழுத்தை எக்கிக்கொண்டு நின்றது. மண் ஆட்டின் பின்தொடையில் தமயந்தியின் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. அதையும் விடாமல், மெல்லிய கம்பியை வளைத்து வளைத்து, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ரேகை போட்டார் செவத்தியான். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆறாம் நாள் காலையில் அளந்துகொண்டிருந்த மாடக்கண்ணு நிமிர்ந்தார்.

"அண்ணாச்சி, கழுத்து முதல்ல ரெண்டே கால் இஞ்சி. இன்னைக்கு ரெண்டுதான் இருக்கு."

"டேப்பு நீண்டுபோச்சோ?"

ஒரு செங்கல்லை எடுத்து அளந்து பார்த்தார்கள். செங்கல் எப்போதும்போல் இருந்தது. மறுபடி ஆட்டை அளந்தார்கள். உயரம் குறைந்திருந்தது, தொடை குறைந்திருந்தது, வால்கூடக் குறைந்திருந்தது.

"ஆடுதான் சுருங்கிருக்கு" என்றார் செவத்தியான். "பட்டினி. வந்து ஆறு நாளாச்சு, நாம ஒரு கை புல்லு போடலை."

"மண்ணு ஆடு புல்லு தின்னாதுவே" என்றார் வீரபாகு. மேஸ்திரி என்றால் சும்மாவா, நிதானமாக யோசித்தார். "இது வேற விஷயம். அவங்க கலைஞர். கலைஞருக்கு மனசு ஒரு இடத்துல நிக்காது. மேடம் மெட்ராஸ்ல உக்காந்து மனசுக்குள்ள சிலையைத் திருத்துதாவ. அங்க திருத்துனா இங்க மாறுது."

"அவ்வளவு தூரத்துல இருந்தா?"

"சீரியல் எங்கேயோதானே எடுக்காவ? உம்ம வீட்டு டிவியில தெரியலையா?"

மூவரும் இரும்பு ஆட்டை அங்கங்கே வெட்டி, ஒட்டி, எட்டு அங்குலம் குறைத்தார்கள். நான்கு நாள் ஆயிற்று. வெட்டின இடம் தெரியவில்லை.

போர்த்தின துணியை மறுபடி நனைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஈரத் துணி போர்த்தச் சொன்னார்கள், போர்த்தினார்கள். பிறகு அது காய்ந்தது துணியின் விருப்பம்.

பதினோராம் நாள் துணியை எடுத்தால், மண் ஆட்டின் இடது காது வெடித்துக் கீழே கிடந்தது. மூவரும் சுற்றி நின்று அந்தக் காதைப் பார்த்தார்கள்.

"மேடம் காது வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாவ" என்றார் வீரபாகு.

"ஒத்தக் காதோட ஆடு நல்லாவா இருக்கும்?" என்றார் மாடக்கண்ணு. இரும்புக் காதை ராவி வழவழப்பாக்கினது அவர். அவருக்கு மனசு கேட்கவில்லை.

"சந்தைக்கு வந்த ஆடுவே அது. யாரு என்ன விலை சொன்னாலும் அது வேண்டாம்னு சொல்லப்போவுதா? ஒரு காது போதும்."

"மேடத்துக்கு ஒரு போன் பண்ணிக் கேப்போமா?"

"சந்தேகம் வந்தாத்தானே பண்ணச் சொன்னாவ. உமக்குச் சந்தேகம் வந்திருக்கா?"

மாடக்கண்ணு தன்னைத்தானே சோதித்துப் பார்த்தார். "இல்லை அண்ணாச்சி. கவலைதான் இருக்கு."

"கவலைக்குப் போன் பண்ணச் சொல்லலை."

மாடக்கண்ணு இரும்புக் காதை அறுத்தெடுத்து, தூக்கிப்போட மனமில்லாமல், சுவரில் ஆணியடித்து மாட்டிவைத்தார்.

பதினைந்தாம் நாள் தமயந்தியே போன் பண்ணினார்.

"அண்ணே, வேலை எப்படிப் போகுது?"

"சாம்பிள்ல என்ன இருக்கோ அதேதான் மேடம் இங்கயும் இருக்கு. தினம் அளந்து பாக்கோம்."

"ரொம்ப நிம்மதியா இருக்குண்ணே. மண்ணு காயலையே? துணி ஈரமா இருக்கா?"

"போர்த்துன அன்னைக்கு நல்ல ஈரமா இருந்துச்சு மேடம்."

"ஐயோ அண்ணே, தண்ணி விட்டுக்கிட்டே இருக்கணும். காயவே கூடாது. ஒரு நிமிஷம்கூடக் காயக் கூடாது."

அந்த ஒரு நிமிஷம் என்கிற கணக்கு வீரபாகுவைக் கவலைக்குள்ளாக்கியது. ஆள் மாற்றி ஆள் நின்று தெளித்தாலும் கண் இமைக்கிற நேரம் விட்டுப்போகுமே. செவத்தியான் வேதக்கோவிலுக்குப் போகிற கிறிஸ்தவர் என்றாலும், சிவன் கோவிலில் லிங்கத்துக்கு மேலே அடியில் துளையிட்ட செம்புப் பாத்திரம் தொங்குவதைப் பார்த்திருக்கிறார். அதேபோல ஒன்று செய்து, மூன்று கம்பியைக் கூட்டி நிறுத்திய முக்காலியில் தொங்கவிட்டார்கள். சொட்டுச் சொட்டாக மண் ஆட்டின் தலையில் தண்ணீர் விழ ஆரம்பித்தது. மாடக்கண்ணு கையெடுத்துக் கும்பிட்டார்.

நன்றாகக் காய்ந்த மண்ணில் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று வெட்டாங்குளத்துக் கோழிக்குக்கூடத் தெரியும்.

பதினேழாம் நாள் மண் ஆட்டின் முன்னங்கால் மரத்தண்டிலிருந்து நழுவியது. பதினெட்டாம் நாள் ஆடு உட்கார்ந்துவிட்டது.

"இலை எட்டலை போலிருக்கு" என்றார் செவத்தியான்.

"மேடத்துக்கு இரக்க மனசு" என்றார் வீரபாகு. "எவ்வளவு நாள்தான் நிக்கும், உக்காரட்டும்னு நினைச்சிருப்பாவ."

இரும்பு ஆட்டையும் உட்காரவைத்தார்கள். நிற்கிற ஆட்டை உட்காரவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நான்கு முட்டியையும் அறுத்து, மடக்கி, வயிற்றை அகட்டிப் பற்றவைத்து நிமிர்வதற்குள் மண் ஆடு படுத்துவிட்டது. மூவரும் பெருமூச்சு விட்டு, இரும்பு ஆட்டைப் படுக்கவைத்தார்கள். அது முடிந்த அன்றைக்கு மண் ஆட்டுக்குக் கால் எது, கழுத்து எது என்று தெரியாமல் போயிற்று. முப்பதாம் நாள் முக்காலியின் கீழே ஒரு மண் குவியல் இருந்தது. உச்சியில் சொட்டு விழுந்த இடத்தில் ஒரு குழி. ஓரத்தில் தண்ணீர் வழிந்த ஒரு வாய்க்கால்.

உண்மையில் அவர்களுடைய திறமை முழுக்க வெளிப்பட்டது இந்தக் குவியலில்தான். ஆட்டுக்காவது எலும்பு உண்டு, மூட்டு உண்டு, பிடிமானம் உண்டு. குவியலுக்கு என்ன உண்டு? தகட்டைத் தட்டித் தட்டி, கரைகிற மண்ணின் தொய்வை இரும்பில் கொண்டுவர மூவரும் மூன்று நாள் டீயைக்கூட மறந்து வேலை பார்த்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். மண் குவியலில் எந்தப் பக்கம் ஓடியதோ அதே பக்கம் ஓடியது.

எதிர் டீக்கடைக்காரர் கிளாஸ் எடுக்க வந்தவர் நின்றுவிட்டார்.

"என்னவே இது?"

"ஆடு" என்றார் வீரபாகு.

"ஆடு எங்க?"

"இதுதான் ஆடு."

டீக்கடைக்காரர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "தலை எந்தப் பக்கம்?"

"மேடம் இன்னும் முடிவு பண்ணலை."

முப்பத்துநாலாம் நாள் தமயந்தி வந்து இறங்கினார். பட்டறைக்குள் நுழைந்து, குவியலைத் தாண்டிப் பின்கட்டுவரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஆடு எங்கண்ணே?"

வீரபாகு பணிவாகக் கையைக் காட்டினார். தமயந்தி இரும்புக் குவியலைப் பார்த்தார். முக்காலியைப் பார்த்தார், சொட்டுகிற செம்பைப் பார்த்தார், கீழே மண் குவியலைப் பார்த்தார். இரண்டு குவியலும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருந்தன. அந்த விஷயத்தில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

அவர் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். எதிர்ச்சுவரில் வீரபாகுவின் சாக்பீஸ் எழுத்து வரிசையாக இருந்தது.

'6ஆம் நாள். சுருங்கியது. சுருக்கினோம்.'

'11ஆம் நாள். காது போனது. எடுத்தோம்.'

'18ஆம் நாள். உட்கார்ந்தது. உட்காரவைத்தோம்.'

'24ஆம் நாள். படுத்தது. படுக்கவைத்தோம்.'

'30ஆம் நாள். கரைந்தது. கரைத்தோம்.'

தமயந்தி எழுந்துபோய் இரும்புக் குவியலின்மேல் கையை வைத்துத் தடவினார். எங்கேயும் ஒரு ஒட்டுத் தட்டுப்படவில்லை. அவருக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். வீரபாகு டேப்பை எடுத்துக்கொண்டு அருகே வந்தார்.

"நூல் பிசகியிருக்கா மேடம்?"

"இல்லண்ணே. இவ்வளவு சுத்தமான வேலையை நான் எங்கயும் பார்த்ததில்லை."

பிறகு அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சேற்று மண்ணைச் செங்கல்மேல் பரப்பி ஈரத்தை இறக்கினார். உருட்டினார், பிசைந்தார், கிள்ளினார், அழுத்தினார். மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் குவியல் புரண்டது. பிறகு அதற்கு முதுகு வந்தது, கால் வந்தது. ஒரு மணி நேரத்தில் ஆடு எழுந்து பின்னங்காலில் நின்று கழுத்தை எக்கியது. இடது காதும் திரும்பி வந்துவிட்டது.

"எந்திரிச்சிட்டு" என்றார் மாடக்கண்ணு. அவர் கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, விழாவுக்கு ஆறு நாள்தான் இருக்கு. முடியுமா?"

"அதைப் பத்திக் கவலைப்படாதீங்க மேடம். அஞ்சு தடவை செஞ்ச ஆடு." வீரபாகு தயங்கினார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "இன்னொண்ணு சொல்லணும் மேடம். சிலைக்கு அடியில எங்க பேரு இருக்கும்னு சொன்னீங்க. ஆனா சாம்பிள்ல பேரு இல்லை. இல்லாதது எதுவும் சேரக் கூடாதுன்னும் சொல்லிட்டீங்க. அதனால எங்க பேரைப் போட முடியாது. போனது போகட்டும்."

ஒரு மாதமாக அந்தப் பேரை நினைத்துத்தான் அவர் இரும்பை வளைத்தார். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

தமயந்தி ஒரு கம்பி முனையை எடுத்து, மண் ஆடு நின்ற மண் பலகையில் உளுந்து அளவு எழுத்தில் கீறினார். தமயந்தி, வீரபாகு, செவத்தியான், மாடக்கண்ணு. வீரபாகு குனிந்து தன் பேரை எழுத்துக்கூட்டிப் படித்தார். பேர் முழுதாக இருந்தது.

அந்த ஆறு நாளும் தமயந்தி மண் ஆட்டை விட்டு நகரவில்லை. துணியும் தண்ணீரும் அவர் கையில்தான் இருந்தன. செம்பைக் கழற்றி டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டார். விழாவுக்கு முதல்நாள் மாலை, சுவரில் மாட்டியிருந்த காதை எடுத்து மாடக்கண்ணு அளந்து பார்த்தார். அளவு மாறவில்லை. அதை வைத்துப் பற்றவைத்ததும் வேலை முடிந்தது. ஏழரை அடி ஆடு இல்லாத இலைக்கு எக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வாசலில் போய் நின்றது. அடியில் எலுமிச்சம்பழ அளவு எழுத்தில் நான்கு பேர்கள்.

வெள்ளிக்கிழமை கரையடிப்புதூரிலிருந்து மாமனாரை வரச் சொல்லி அன்றைக்கே ஆள் அனுப்பினார் வீரபாகு.

விழா சந்தை நாளில் நடந்தது. பேரூராட்சித் தலைவர் திரையை இழுத்ததும், சந்தைக்கு ஆடு பிடித்து வந்தவர்கள் இரும்பு ஆட்டின் பல்லைப் பார்க்க எக்கினார்கள். பக்கத்தில் ஒரு மேஜைமேல் மண் ஆட்டையும் எல்லாரும் பார்க்கட்டும் என்று வைத்து, அதற்கும் ஒரு சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

அவர் மூன்றாவது தடவையாக 'ஆகவே' என்று சொன்னபோது, யாரோ பிடித்து வந்த ஒரு வெள்ளாடு கயிற்றை அறுத்துக்கொண்டு மாலைக்காகப் பாய்ந்தது. மேஜை சாய்ந்தது. மண் ஆடு சிமென்ட் தரையில் விழுந்தது. முதலில் அடிப்பலகை நசுங்கியது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் நசுங்கியது. வெள்ளாடு அதன்மேல் நின்று சாமந்தியைத் தின்றது.

மூவரும் அருகே போய்க் குனிந்து பார்த்தார்கள்.

"மேடம் மனசு மறுபடி மாறிட்டா?" என்று மெல்லக் கேட்டார் செவத்தியான்.

"மேடம் அந்தா உக்காந்திருக்காவ. மாத்துன மாதிரி தெரியலையே" என்றார் மாடக்கண்ணு.

வீரபாகு மண்ணைக் கையால் தள்ளிப் பார்த்தார். 'மாடக்கண்ணு' என்பதில் பாதி இருந்தது. தன் பேர் இருந்த இடத்தில் வெள்ளாட்டின் குளம்புத் தடம் இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள்.

"மாடக்கண்ணு, கிரைண்டரை எடும்."

"எதை முதல்ல எடுக்கணும் அண்ணாச்சி?"

"என் பேரை. அதுதான் முதல்ல போயிருக்கு. நானே எடுத்துருதேன்."

கிரைண்டருக்குக் கரன்ட் வேண்டும். மாடக்கண்ணு மைக் செட்டின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதில் கிரைண்டரைச் செருகினார். தலைவரின் பேச்சு நின்றது. கூட்டம் அன்றைக்கு முதல்தடவையாகக் கைதட்டியது. வீரபாகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் பேருக்கு நேராகக் கிரைண்டரைப் பிடித்தபோது, தமயந்தி மேடையிலிருந்து குதித்து ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"நிறுத்துங்கண்ணே. அந்த மண்ணு ஆட்டோட கதை முடிஞ்சுது. அது இனிமே சாம்பிள் இல்லை."

"அப்போ எது மேடம் சாம்பிள்?"

"இதோ, இந்த இரும்பு ஆடுதான் சாம்பிள். இதை யாரும் தொடக் கூடாது."

வீரபாகு கிரைண்டரை அணைத்தார். தன் பேரைப் பார்த்தார். அது அப்படியே இருந்தது. உயிர் திரும்பி வந்தது அவருக்கு. ஆனாலும் எதையும் தெளிவாகக் கேட்டுக்கொள்வது அவர் வழக்கம்.

"மத்ததெல்லாம் மேடம்?"

"மத்ததெல்லாம் நான் முதல் நாள் என்ன சொன்னேனோ அதேதான். எதையும் மாத்தாதீங்க" என்று சொல்லி, அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, தமயந்தி நிம்மதியாகச் சென்னை பஸ் ஏறினார்.

பஸ் போன பிறகு மூவரும் சிலைக்கு அடியில் நின்று யோசித்தார்கள்.

வெள்ளிக்கிழமை பலவேசம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார். வாசலில் சிலையைக் காணவில்லை. எட்டுப் புடவையையும் நாலு சமுக்காளத்தையும் சேர்த்துத் தைத்த ஒரு பெரிய துணி, மேலிருந்து கீழ்வரை எதையோ மூடியிருந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏணிமேல் நின்று மாப்பிள்ளை வாளியால் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்துக் காலி மனையில், வேப்பமர உயரத்துக்குக் கம்பிக்கூடு எழும்பிக்கொண்டிருந்தது.

"மாப்ளே, பேரு எங்க?"

"உள்ள இருக்கு மாமா. இப்போ காட்டக் கூடாது. இது சாம்பிள். துணியை எடுத்தா காஞ்சு சுருங்கிரும்."

"இரும்பு எப்படி மாப்ளே சுருங்கும்?"

"போன தடவை சுருங்குச்சு மாமா. நாங்கதான் சுருக்குனோம்."

பலவேசம் யோசித்தார். "அப்போ உங்க பேரை நான் என்னைக்குப் பாக்குறது?"

வீரபாகு ஏணியிலிருந்து இறங்கி, காலி மனையைக் காட்டினார். "அங்க வரும் மாமா. இதுல பத்து மடங்கு. ஒரு எழுத்து உங்க முழங்கால் உயரம் இருக்கும். நீங்க பஸ்ஸுல வரும்போதே படிக்கலாம். இப்போதான் ஒரு குளம்பு எழும்பிருக்கு."

பலவேசம் குளம்பை அண்ணாந்து பார்த்தார். டியூப் லைட்டை நினைத்துக்கொண்டார்போல, முகம் கொஞ்சம் வாடியது. பிறகு துணியைச் சுற்றி ஒரு நடை நடந்து, ஒரு மூலையில் நின்று தொட்டுப் பார்த்தார்.

"என்ன மாப்ளே பொறுப்பில்லாம இருக்கீங்க? இந்த ஓரம் காஞ்சுபோய்க் கிடக்கு" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியை எடுத்தார்.